இருவர் வசூலித்து மூவர் பங்கிடும் பணம்

யூதச் சட்ட மரபின் பெருந்தொகுப்பான தல்மூதில், பாவா பத்ரா என்னும் பகுதி ஊர்ப் பொது அறநிதியைக் கையாளும் முறையைப் பற்றிப் பேசுகிறது. அந்த நிதியை இருவர் சேர்ந்து வசூலிக்க வேண்டும், மூவர் கூடிப் பங்கிட வேண்டும் என்பது அங்கே விதி. வசூலுக்கு இருவர் தேவைப்படுவது, பொதுமக்கள்மீது அதிகாரம் செலுத்தும் வேலையைத் தனியொருவரிடம் விடக்கூடாது என்பதற்காக. பங்கீட்டுக்கு மூவர் தேவைப்படுவதற்குக் காரணம் வேறு. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது பணவழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு நிகரானது. பணவழக்கை விசாரிக்க மூன்று நீதிபதிகள் வேண்டும் என்பதால் தர்மப் பணத்துக்கும் மூவர் வேண்டும். அதே பகுதியில் இன்னும் நுணுக்கமான விதிகளும் உண்டு. நிதிப் பொறுப்பாளர் கையிலுள்ள சில்லறையை மாற்ற வேண்டியிருந்தால் பிறரிடம் மாற்றலாம், தம் சொந்தப் பணத்தோடு மாற்றிக்கொள்ளக் கூடாது. வழியில் காசு கண்டெடுத்தால், அது அவருடையதேயானாலும், அங்கேயே தம் பைக்குள் போடக் கூடாது. தர்மப் பைக்குள் போட்டு, வீட்டுக்குப் போனபின் எடுத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர் மனத்தில் ஐயம் எழ இடம் தரக்கூடாது என்பதே நோக்கம்.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு நகரத்தில், யூதச் சமூகத்தின் பொது நிதியிலிருந்து உதவி பெறும் ஒரு குடும்பநலச் சேவை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். நான் யூதர் அல்ல. எங்கள் நிறுவனத்தில் வேலை செய்பவர்களிலும் உதவி பெறுபவர்களிலும் யூதர் அல்லாதவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அந்தப் பொது நிதியின் தன்னார்வலர் குழு எங்களை ஆராய வருகிறது. அவர்கள் கேட்பதற்கான கணக்கைத் தயார் செய்து, மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து பதில் சொல்வது என் பொறுப்புகளில் ஒன்று. சம்பளம் எதுவும் பெறாத மனிதர்கள் மாலை நேரங்களைச் செலவழித்துப் பிற நிறுவனங்களின் வரவுசெலவைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது. அந்த மரியாதை இருப்பதால்தான், அது செய்யக்கூடியதும் பெரும்பாலும் செய்யாமல் விடுவதுமான ஒரு காரியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

வட அமெரிக்க யூதர்களிடையே, தம்முடைய ஏழைகளைத் தாமே காப்பாற்ற வேண்டும் என்ற கடமை குடியேற்றத்தின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனையாக வந்து சேர்ந்தது. 1654இல் பிரேசிலின் ரெசிஃபே நகரத்திலிருந்து 23 யூதர்கள், அப்போது நியூ ஆம்ஸ்டர்டாம் என்று வழங்கிய இன்றைய நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். ஆளுநர் ஸ்டைவசன்ட் அவர்களை வெளியேற்ற விரும்பினார். டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 1655இல் அதற்கு இணங்க மறுத்து, அவர்களில் ஏழைகள் கம்பெனிக்கோ ஊருக்கோ சுமையாகாமல் அவர்களுடைய இனத்தாராலேயே பராமரிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்கள் தங்கலாம் என்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் பெருந்திரளாக வந்தபோது, மருத்துவமனை, அனாதை இல்லம், முதியோர் இல்லம், கடனுதவிச் சங்கம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நன்கொடை கேட்டு அதே வசதியானவர்களின் கதவைத் தட்டின. 1895இல் பாஸ்டனிலும், அடுத்த ஆண்டு சின்சினாட்டியிலும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வசூல், பிறகு ஒரு குழு கூடிப் பங்கீடு என்ற கூட்டமைப்பு முறை தொடங்கியது. ஃபெடரேஷன் என்று வழங்கும் இந்தக் கூட்டமைப்புகள் இன்று வட அமெரிக்காவில் 140 அளவில் இருக்கின்றன. நியூயார்க்கில் 1917இல் தொடங்கிய கூட்டமைப்பு, வெளிநாட்டு யூதர்களுக்காக 1939இல் உருவான யுனைட்டட் ஜூயிஷ் அப்பீல் என்ற நிதி திரட்டும் அமைப்பின் நியூயார்க் பிரிவோடு 1986இல் இணைந்து, யூஜேஏ ஃபெடரேஷன் ஆயிற்று.

ஒரே வசூல் என்று முடிவு செய்துவிட்டால் பங்கீட்டுக் குழு தவிர்க்க முடியாததாகிறது. முன்பு நன்கொடையாளர் தாம் விரும்பிய நிறுவனத்துக்குத் தாமே கொடுத்தார், பிடிக்கவில்லையென்றால் நிறுத்திக்கொண்டார். இப்போது அந்த உரிமையைக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்துவிட்டதால், தம் சார்பில் யாரோ ஒருவர் கேள்வி கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அந்த யாரோ ஒருவர்தான் ஒதுக்கீட்டுக் குழுவின் தன்னார்வலர். வழக்கறிஞர், பல் மருத்துவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, குடும்பக் கடையை நடத்துபவர் என்று பலரும் அதில் இருப்பார்கள். கூட்டமைப்பின் சம்பள ஊழியர் ஒருவர் குழுவுக்குத் துணையாக இருந்து, விண்ணப்பங்களைச் சுருக்கி, குறிப்பு எழுதிக் கொடுப்பார். குளிர்காலத்தில் எங்கள் விண்ணப்பம் போகும்: வரவுசெலவுத் திட்டம், தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கை, எத்தனை பேருக்கு என்னென்ன சேவை என்ற விவரம். பிறகு ஒருநாள் குழுவினர் நேரில் வருவார்கள். எங்கள் சமையலறையில் கோஷர் உணவு, அதாவது யூத மத விதிப்படி சமைத்த உணவு, பொட்டலமாவதைப் பார்ப்பார்கள். ஹோலோகாஸ்ட் என்னும் நாஜி இனப்படுகொலையில் உயிர்தப்பி இப்போது தொண்ணூறைத் தாண்டிய முதியவர்களின் வீட்டுக்குப் போகும் பராமரிப்பாளர்களைச் சந்திப்பார்கள். கூட்ட அறையில் இரண்டு மணி நேரம் கேள்வி பதில் நடக்கும். வசந்தத்தில் ஒதுக்கீடு முடிவாகும்.

அவர்கள் பார்க்க முடியாதவையும் உண்டு. தனிநபர் கோப்புகளைத் திறந்து காட்ட எங்களுக்கு உரிமையில்லை, அது நியாயமும்கூட. ஊர் சிறியது. குழுவில் இருப்பவரின் பக்கத்து வீட்டுக்காரர் எங்களிடம் மன ஆலோசனைக்கு வந்துகொண்டிருக்கலாம். அதனால் அவர்கள் எண்களையும், பொதுவான விளக்கங்களையும், எங்கள் முகங்களையும் வைத்தே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

பணம் கொடுக்கும் முறை மாறியதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கண்காணிப்பின் பலமும் பலவீனமும் அதற்குள்தான் இருக்கின்றன. முன்பெல்லாம் பல ஊர்களில் கூட்டமைப்பு, நிறுவனத்தின் துண்டுவிழும் தொகையை ஈடுகட்டுவதையே தன் வேலையாக வைத்திருந்தது. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி நீங்கள் தாருங்கள் என்று நிறுவனம் கேட்கும். குழு செலவை வரிவரியாகப் பார்த்து வெட்டியபின் மீதியைத் தரும். இந்த முறையில் குழுவின் பார்வைக்கு நிறுவனம் முழுமையாக வந்தது. எந்தச் செலவும் அதற்கு மறைவாக இல்லை. ஆனால் சிக்கனமாக நடந்து மிச்சம் பிடித்த நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறைந்தது. சேமித்தவருக்குத் தண்டனையும் செலவழித்தவருக்குப் பரிசும் போல அது முடிந்ததால், கையிருப்பு நிதியைக் கட்டி வளர்க்க எந்த நிர்வாகிக்கும் மனம் வரவில்லை. அந்தப் பழக்கத்தின் விளைவை இன்றும் பல பழைய நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில் காணலாம்.

பின்னர் பல கூட்டமைப்புகள் திட்டவாரியாகப் பணம் தரும் முறைக்கு மாறின. முதியோர் உணவுக்கு இவ்வளவு, வேலை தேடுவோருக்கான பயிற்சிக்கு இவ்வளவு, இதனால் எத்தனை பேர் பயன்பெற்றார்கள், அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்கத் தொடங்கினார்கள். நன்கொடையாளருக்கும் இது பிடித்தது. தம் பணம் எந்தத் தட்டில் எந்தச் சோறாயிற்று என்று அவரால் சொல்ல முடிந்தது. இதே காலத்தில் அமெரிக்கச் சமூக சேவை நிறுவனங்களின் வருமானத்தில் அரசு ஒப்பந்தங்களின் பங்கு பெருகியது. ஒரு காலத்தில் முழுச் செலவையும் ஏற்ற கூட்டமைப்பு, பெரிய நிறுவனங்களின் வரவில் சிறிய பங்குதாரராகச் சுருங்கியது. சிறிய பங்கைத் தருபவர் அந்தச் சிறிய பங்கைப் பற்றி மட்டும் கேட்பது இயல்பாகவே தோன்றும். குழுவினர் தங்கள் பணம் போன திட்டத்தைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். அந்தத் திட்டம் நடக்கும் கட்டடத்தின் அடித்தளம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. என் முறையீடு இதுதான்.

நியூயார்க்கின் ஃபெக்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1934இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, வேலையிழந்த யூதர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக நியூயார்க் கூட்டமைப்பின் குடைக்குள் தொடங்கியது அது. எண்பது ஆண்டுகளில் மனநலம், மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை, வேலைப் பயிற்சி, வீட்டுப் பராமரிப்பு என்று விரிந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,20,000 பேருக்குச் சேவை செய்து, சுமார் 25 கோடி டாலர் வரவுசெலவோடு, கிட்டத்தட்ட 2,000 ஊழியர்களோடு, அமெரிக்காவின் மிகப் பெரிய சமூக சேவை நிறுவனங்களில் ஒன்றாக நின்றது. 2014 டிசம்பரில் 1.94 கோடி டாலர் நட்டம் என்று வெளியே தெரிந்தது. 2015 ஜனவரி முடிவதற்குள் நிறுவனத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மார்ச்சில் திவால் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடியது. அதன் திட்டங்களை ஜூயிஷ் போர்டு உள்ளிட்ட பிற நிறுவனங்கள் அவசர அவசரமாக எடுத்துக்கொண்டன. மன நோயாளிகள் பலருக்கு, தங்கள் ஆலோசகர் யார், மருந்துச் சீட்டு எங்கே கிடைக்கும் என்ற கவலை சில வாரங்களுக்குள் வந்து சேர்ந்தது.

இந்த வீழ்ச்சியைப் பற்றிப் பலவாறு எழுதப்பட்டிருக்கிறது. நியூயார்க்கின் மனிதச் சேவை நிறுவனங்களின் பொது அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிக்கை, அரசு ஒப்பந்தங்கள் உண்மையான செலவை ஈடுகட்டாததையும், பணம் காலந்தாழ்ந்து வருவதையும், நிறுவனங்களின் ஆட்சிக் குழுக்கள் இடர்களை முறையாக மதிப்பிட வேண்டியதையும் அழுத்திச் சொன்னது. வெளியிலிருந்து படித்த எனக்கு அதில் தெரிந்தது வேறொரு பாடமும்கூட. இவ்வளவு பெரிய நிறுவனத்தைச் சுற்றிக் கண்காணிப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நகர அரசின் துறைகள், மாநில அரசின் துறைகள், மத்திய அரசின் திட்டங்கள், தனியார் அறக்கட்டளைகள், யூதக் கூட்டமைப்பு என ஒவ்வொருவரும் தத்தம் ஒப்பந்தத்துக்குரிய கணக்கைக் கேட்டார்கள். ஒப்பந்தவாரியாகக் கேட்கப்படும் கணக்கில் ஒவ்வொரு ஒப்பந்தமும் சரியாக இருக்கும்போதே முழு நிறுவனம் ஓட்டாண்டியாக முடியும். ஒவ்வொரு திட்டமும் தன் செலவில் நூற்றுக்குச் சில காசுகளை நிறுவனத்தின் பொதுப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே போனால், திட்டங்கள் பெருகப் பெருகப் பை வேகமாகக் காலியாகும். வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் பெருமையோடு அச்சாகும் அதே எண், நிதிநிலையில் ஓட்டையின் அளவாகவும் இருக்கலாம். அதைப் பார்க்கத் திட்டங்களைக் கூட்டிப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவராக இருக்கக் கூட்டமைப்பின் தன்னார்வலர் குழுவுக்கு இருக்கும் தகுதி வேறு யாருக்கும் இல்லை என்று நினைக்கிறேன். அரசு அதிகாரிக்குத் தன் துறையின் படிவத்துக்கு அப்பால் கேட்க அதிகாரமோ நேரமோ கிடையாது. நிறுவனத்தின் சொந்த ஆட்சிக் குழு நிர்வாகத்தோடு கலந்து பழகியது. அதன் பெருமையில் தன் பெருமையையும் காண்பது. தணிக்கையாளர் கடந்த ஆண்டின் கணக்கு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சொல்வார். இந்த நிறுவனம் இன்னும் மூன்று ஆண்டு நிற்குமா, இந்தப் புதிய ஒப்பந்தத்தை எடுத்திருக்கத்தான் வேண்டுமா என்று சொல்வது பெரும்பாலும் அவர் வேலையல்ல. கூட்டமைப்பின் குழுவோ, அதே ஊரில் இருபது நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த நிறுவனம் விழுந்தால் அடுத்த வாரம் யாருடைய கதவு தட்டப்படும் என்பதை அறிந்திருக்கிறது.

எங்கள் ஊரில் ஒருமுறை குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர் ஒருவர், முதியோர் உணவுத் திட்டத்தின் விவரங்களையெல்லாம் கேட்டு முடித்தபின், மாவட்ட நிர்வாகம் எங்களுக்குத் தர வேண்டிய பணத்தை மூன்று மாதம் தராமல் இருந்தால் ஊழியர்களுக்குச் சம்பளம் எதிலிருந்து கொடுப்பீர்கள் என்று கேட்டார். அந்தப் பணத்துக்கும் கூட்டமைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எங்கள் இயக்குநர் அதைச் சொல்லியே நழுவியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. உண்மையான பதில், ஐந்து வாரத்துக்குமேல் எங்களால் தாக்குப்பிடிக்க முடியாது என்பதுதான். அதை வெளியாட்கள் முன்னால் சொன்னது அப்போதுதான் முதல் தடவை. அந்தக் கேள்வியிலிருந்து வங்கிக் கடன் வரம்பும், கையிருப்பு நிதிக்கென்று ஆட்சிக் குழுவின் தீர்மானமும் பிறந்தன. கேட்டவர் நிதித் துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளி நடத்தியவருக்கு, மானியம் தாமதமாகும் மாதத்தில் ஆசிரியர் சம்பளத்துக்கு என்ன செய்வது என்ற கவலை பழக்கமானது. தன்னார்வலர்கள் தொழில்முறை அறிவு இல்லாதவர்கள் என்று குறைசொல்பவர்கள், இத்தகைய அனுபவ அறிவைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்படிக் கேட்பது எளிதன்று. யூதச் சமூகம் பெரும்பாலான ஊர்களில் சிறியது. குழு உறுப்பினரின் தாயார் நாங்கள் பராமரிக்கும் முதியவராக இருப்பார், மகன் எங்கள் கோடைக்கால முகாமுக்குப் போவான், எங்கள் ஆட்சிக் குழுத் தலைவர் ஜெபஆலயத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவார். நலமுரண் இருப்பவர் அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்ற விதி எழுத்தில் இருக்கிறது, பின்பற்றப்படவும் செய்கிறது. விதியால் எட்ட முடியாத இடத்தில் இருப்பது மரியாதை. நாற்பது ஆண்டு நல்ல பெயர் எடுத்த நிர்வாகியிடம் கூர்மையாகக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம் நல்லவர்களிடம்தான் அதிகமாக இருக்கிறது.

அந்தக் கூச்சத்தின் விலை என்ன என்பதற்கும் நியூயார்க்கே சாட்சி. யூத ஏழைகளுக்காக உழைக்கும் மெட் கவுன்சில் என்ற பெயர்பெற்ற அமைப்பின் நிர்வாகத் தலைவர் 2013 ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். காப்பீட்டுத் தரகரோடு சேர்ந்து, காப்பீட்டுக் கட்டணத்தை உண்மைக்கு மேல் ஏற்றிக் காட்டி, மிகுதியைப் பணமாகத் திரும்பப் பெறும் சூழ்ச்சி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்திருந்தது. களவுபோன தொகை சுமார் 90 லட்சம் டாலர் என்றது அரசுத் தரப்பு. அவர் 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். அந்த அமைப்பு யூஜேஏ ஃபெடரேஷனின் நிதியுதவி பெற்றது. அதன் உணவுப் பொட்டலங்கள் உண்மையாகவே ஏழைகளைச் சென்றடைந்தன. திட்டத்தைப் பார்க்கப் போன யாரும் குறை கண்டிருக்க முடியாது, ஏனெனில் குறை திட்டத்தில் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்காத காப்பீட்டுச் செலவு வரியில் இருந்தது. காப்பீட்டுக்குக் கடைசியாக எப்போது வேறு தரகர்களிடம் விலை கேட்டீர்கள் என்ற கேள்விக்குக் கணக்கியல் பட்டம் தேவையில்லை. வீட்டுக்குக் கூரை மாற்றும் எவரும் மூன்று பேரிடம் விலை கேட்கிறார். சில்லறையைத் தம் பணத்தோடு மாற்றிக்கொள்ளக் கூடாது என்ற பாவா பத்ராவின் விதி இந்த வகைக் களவைத்தான் தடுக்க நினைத்தது.

தர்ம நிதிப் பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்றும் அதே பாவா பத்ரா சொல்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. யூத நண்பர்கள் சிலர் இதை எனக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாகத் தல்மூத் காட்டுவது விவிலியத்தின் இரண்டாம் இராஜாக்கள் நூலில் பன்னிரண்டாம் அதிகாரம். யோவாஸ் அரசன் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலையாட்களுக்குக் கொடுக்கும்படி பணம் ஒப்படைக்கப்பட்டவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, ஏனெனில் அவர்கள் உண்மையாக நடந்தார்கள் என்கிறது அந்த வசனம். ஆனால் அதிகாரத்தை முதலிலிருந்து படித்தால் வேறு ஒன்று தெரியும். ஆசாரியர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு, அரசனின் இருபத்துமூன்றாம் ஆண்டுவரை ஆலயத்தைப் பழுதுபார்க்காமலே விட்டிருந்தார்கள். அதன்பிறகுதான் மூடியில் துவாரமிட்ட பெட்டி வைக்கப்பட்டது. பெட்டி நிறைந்தபோது அரசனின் எழுத்தரும் தலைமை ஆசாரியரும் சேர்ந்து எண்ணிக் கட்டினார்கள். கணக்குக் கேளாமல் விட்ட நம்பிக்கை, அந்தப் பெட்டியும் இருவர் எண்ணும் முறையும் வந்தபிறகு வந்த நம்பிக்கை. பதினாறாம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் ரபி மோசே இசர்லெஸ், கேட்க வேண்டிய கட்டாயம் இல்லையென்றாலும், கடவுள் முன்னும் மக்கள் முன்னும் தூயவராக நிற்கப் பொறுப்பாளர் தாமாகவே கணக்குக் கொடுப்பது நல்லது என்று சட்டத் தொகுப்பில் குறித்துச் சென்றார்.

தாமாகவே கொடுப்பது என்பதை எங்கள் நிறுவனத்தில் எழுத்துப்படி எடுத்துக்கொண்டோம். பள்ளி முதல்வரின் கேள்விக்குப் பிறகு, கூட்டமைப்பின் படிவம் கேட்காவிட்டாலும் விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் இணைக்கிறோம். எல்லா வருமான வழிகளும் அதில் ஒரே அட்டவணையில் இருக்கும். ஒவ்வொரு ஒப்பந்தமும் தன் உண்மைச் செலவில் எவ்வளவை ஈடுகட்டுகிறது, எவ்வளவைப் பொதுப் பணத்திலிருந்து போடுகிறோம் என்பது இருக்கும். கையிருப்பு எத்தனை வாரச் சம்பளத்துக்குப் போதும் என்பதும், தணிக்கையாளர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் சுட்டிய குறைகளும், பெரிய கொள்முதல்களுக்குக் கடைசியாக விலைப்புள்ளி கேட்ட ஆண்டும் இருக்கும். வருமான வரித் துறைக்கு நாங்கள் தாக்கல் செய்யும் 990 படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாலும், அது பல பத்துப் பக்கம் நீளும். மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி வருபவரால் அதைத் தோண்டிக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்காகத் தோண்டி எடுத்துக் கொடுப்பது எங்கள் கடமை.

எல்லாக் கூட்டமைப்புகளும் இப்படியொரு பக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் விருப்பம். சிறிய நிறுவனங்களுக்கு இது கூடுதல் சுமை என்று சிலர் சொல்வார்கள். இந்த எண்கள் கையில் இல்லாத நிறுவனத்துக்கு அவை வேறெவரையும்விட அதிகமாகத் தேவை. இல்லாத இடத்தில் கூட்டமைப்பே ஒரு கணக்காளரைச் சில வாரம் அனுப்பி உதவலாம், அந்தச் செலவு எந்த ஒதுக்கீட்டையும்விடக் குறைவுதான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வரும் குழுவின் உரையாடல் வேறாக இருக்கிறது. சென்ற முறை உணவுப் பொட்டலங்களைப் பார்வையிட்டு முடித்தபின், கூட்டத்தின் பெரும்பகுதி, மாவட்ட நிர்வாகம் வீட்டுப் பராமரிப்புக்கு மணிக்கு இவ்வளவு என்று தரும் தொகை பராமரிப்பாளரின் சம்பளத்துக்கும் போக்குவரத்துக்கும் போதுமா, போதாதென்றால் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் கூட்டமைப்பும் நாங்களும் சேர்ந்து மாவட்ட அதிகாரிகளைச் சந்திக்கலாமா என்பதிலேயே கழிந்தது. சந்திப்புக்குக் குழுவிலிருந்து இருவர் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.